முதலில் செய்தது ஆர்? ஒரு பிரெஞ்சுக் காரின் கதை

சித்ரோயன் கம்பனி 1934இல் வெளியிட்ட 'த்ரக்ஸியோன் அவான்' காரைப் பற்றி ஆராவது கதைக்கத் தொடங்கினால், இரண்டாவது வசனத்திலேயே 'உலகின் முதல்' வந்துவிடும். முன்சில்லால் இழுபட்ட உலகின் முதல் கார், தனிச் சட்டகம் இல்லாத உலகின் முதல் கார் என்று அது நீண்டுகொண்டே போகும். பெயரும் அதற்கு ஒத்தூதுகிறது. பிரெஞ்சில் அதற்கு 'முன் இழுவை' என்றுதான் அர்த்தம். நாங்களும் அந்தக் காரின் ரசிகர்கள்தான். நீண்ட மூக்கும், தரையோடு படுத்த மாதிரியான உடம்பும் ஆருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அந்த 'முதல்'களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், உள்ளுக்குள் இருந்து வேறு ஆட்கள்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

முன் இழுவையையே எடுப்போம். 1770 அளவில் குயூனோ என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் பீரங்கி இழுப்பதற்காக ஒரு நீராவி வண்டி செய்தார். அதற்கு மூன்று சில்லு. நீராவி சுழற்றியது முன்னுக்கு இருந்த ஒற்றைச் சில்லை. அந்த வண்டி இப்பவும் பரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறது. அதை விடுவோம், அது கார் இல்லை என்று சொல்லுவீர்கள். சரி, இங்கிலாந்தில் அல்விஸ் கம்பனி 1928இல் முன் இழுவைக் காரை விற்பனைக்கே விட்டது. அமெரிக்காவில் 1929இல் கோர்ட் வந்தது. ஜேர்மனியில் 1931இல் டி.கே.டபிள்யூ. எஃப்1 என்ற சின்னக் கார் வந்தது. இரண்டு சிலிண்டர், மரத்தாலான உடம்பு, குறைந்த விலை. 1934க்கு முதலே அந்தக் கம்பனி முன் இழுவைக் கார்களை ஆயிரக்கணக்கில் விற்றுவிட்டது.

பிரான்சுக்குள்ளேயே சித்ரோயனுக்கு முதல் ஒருவர் இருந்தார். ஜோன் அல்பேர் கிரெகுவார். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் முன் இழுவையின் உண்மையான சிக்கல் எது என்று விளங்கிக்கொண்ட ஆட்களில் இவரும் ஒருவர்.

பின்சில்லை எஞ்சினால் சுழற்றுவது லேசு. அது ஒரு பக்கமும் திரும்பாது. முன்சில்லு அப்படி இல்லை. அது சுழலவும் வேணும், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பவும் வேணும், வீதியின் குழிக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடவும் வேணும். சாதாரண மூட்டு ஒன்றை வளைத்து வைத்துச் சுழற்றினால், ஒரு பக்கம் சீராகச் சுழலும்போது மறுபக்கம் ஒரு சுற்றுக்குள்ளேயே வேகம் கூடிக் குறையும். வளைவு கூடக்கூட இழுப்பும் நடுக்கமும் கூடும். வளைவில் திரும்பும் சாரதியின் கைக்கு அது நேரடியாக வந்து சேரும். எந்தக் கோணத்திலும் ஒரே வேகத்தைக் கடத்தும் மூட்டு வேண்டும். கிரெகுவாரின் நண்பர் பியேர் ஃபெனாய் 1926இல் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து 'ட்ரக்டா' என்ற காரைச் செய்து 1927இல் லு மான் 24 மணிநேரப் போட்டியில் ஓடவிட்டார்கள். கார் போட்டியை முடித்தது. அந்த மூட்டைப் பிறகு ஜேர்மன் கம்பனிகள் உரிமம் எடுத்துப் பாவித்தன. இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஜீப்புகளிலும் ஒரு பகுதிக்கு அது போனது. இவ்வளவும் செய்த மனுசன்ரை பெயர் இண்டைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது சட்டகம் இல்லாத உடம்பு. அந்தக் காலக் கார்கள் லொறி மாதிரி. கீழே கனமான இரும்புச் சட்டகம், அதன் மேல் தனியாகச் செய்து ஏற்றிய பெட்டி. த்ரக்ஸியோனில் அந்தச் சட்டகம் கிடையாது, உடம்பே பாரத்தைத் தாங்கும். அதனால்தான் கார் அவ்வளவு பதிந்தும் பாரம் குறைந்தும் இருந்தது. ஆனால் இத்தாலியில் வின்சென்சோ லன்சியா இதே யோசனையை 1922இல் 'லம்ப்டா' காரில் செய்து காட்டிவிட்டார். கப்பலின் உடல் எப்படித் தனக்குத்தானே முதுகெலும்போ, அப்படி. அது திறந்த கார். மூடிய காரை உருக்குத் தகட்டில் அழுத்தி, வெல்ட் பண்ணி, பெருந்தொகையாகச் செய்யும் வித்தை பிலடெல்பியாவின் பட் கம்பனியிடம் இருந்தது. சித்ரோயன் 1920களிலிருந்தே பட்டின் உரிமத்தில் உருக்கு உடம்பு செய்தது. அங்கே ஜோசப் லெட்விங்கா என்ற பொறியியலாளர் முன் இழுவையோடு சட்டகமில்லாத ஒரு மாதிரிக் காரையே செய்து வைத்திருந்தார். த்ரக்ஸியோனின் விதை அங்கேயிருந்து வந்தது என்று சொல்லுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை.

மற்றவற்றைக் கெதியாகச் சொல்லி முடிப்போம். சுருள் வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பி: ஃபெர்டினான்ட் போர்ஷே 1931இல் காப்புரிமை கேட்டது. நான்கு சில்லுக்கும் எண்ணெய் அழுத்தப் பிரேக்: அமெரிக்காவின் டூசன்பேர்க் 1921. எஞ்சினின் நடுக்கம் உடம்புக்கு வராமல் றப்பரில் இருத்துவது: கிறைஸ்லர், அதற்கும் சித்ரோயன் காசு கட்டியது. கம்பனிச் சின்னமான அந்த இரட்டை அம்புக்குறி கூட ஒரு பற்சில்லின் வடிவம். அந்தப் பற்சில்லு முறையை அந்திரே சித்ரோயன் இளமையில் போலந்தில் கண்டு உரிமையை வாங்கினார். மனுசன் கண்டுபிடிக்கிறவர் இல்லை, கண்டுகொள்ளுறவர்.

அப்ப த்ரக்ஸியோன் வெறும் கடன் வாங்கின காரா? அப்படிச் சொல்லுவதும் அநியாயம். இந்தப் பொருட்கள் எல்லாம் வேறு வேறு கார்களில், வேறு வேறு நாடுகளில், பெரும்பாலும் விலை கூடிய அல்லது குறைந்த தொகையில் செய்த வண்டிகளில் கிடந்தன. முன் இழுவை, பாரம் தாங்கும் உருக்கு உடம்பு, முறுக்குக் கம்பி, எண்ணெய்ப் பிரேக் எல்லாவற்றையும் ஒரே காரில் போட்டு, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய மாதிரி, பெரிய தொழிற்சாலையில் இலட்சக்கணக்கில் செய்ய வேண்டும் என்று துணிந்தது அந்திரே சித்ரோயன்தான். 'முதல்' என்ற சொல்லை நேர்மையாகப் போடுவதென்றால் இந்த நீண்ட வசனத்தின் முன்னுக்குத்தான் போடலாம். விளம்பரத்துக்கு இவ்வளவு நீட்டு வசனம் சரிவராது, அதுதான் பிரச்சினை.

அந்தத் துணிவின் கணக்கு பயங்கரமானது. விமானத்துறையில் படித்து வுவாசன் கம்பனியில் வேலை செய்த அந்திரே லெஃபெவ்ர், சித்ரோயனுக்கு வந்தது 1933 மார்ச்சில். கார் மக்கள் முன் வந்தது 1934 ஏப்ரலில். இடையில் பதின்மூன்று மாதம்! உடம்பின் வடிவத்தை இத்தாலியச் சிற்பி ஃபிளமினியோ பெர்தோனி களிமண் போன்ற ஒன்றில் கையால் பிசைந்து எடுத்தார். அதே நேரத்தில் பரிஸின் ஜவெல் தொழிற்சாலையை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். தானாகக் கியர் மாறும் பெட்டி ஒன்றையும் சித்ரோயன் விரும்பினார். சென்சோ டு லவோ என்பவரின் கண்டுபிடிப்பு அது. சோதனையில் சூடேறித் தோற்றது. கடைசி நேரத்தில் அதைத் தூக்கிப்போட்டு, சாதாரண மூன்று கியர் பெட்டி ஒன்றை அவசரமாகச் செய்து அந்த இடத்தில் பொருத்தினார்கள். உண்மையிலேயே புதுசாக இருந்திருக்கக்கூடிய ஒன்று இப்படிப் போனது.

அவசரத்தில் வந்த கார் வேலையைக் காட்டியது. முதல் மாதங்களில் மூட்டுகள் கோளாறு, முறுக்குக் கம்பிகள் கோளாறு. முதல் மாதிரியின் எஞ்சின் 1303 சிசி, 32 குதிரைவலு. அது காணாது என்று சில மாதங்களிலேயே பெரிசாக்கினார்கள். கடன் கொடுத்தவர்கள் காத்திருக்கவில்லை. 1934 டிசம்பரில் கம்பனி வங்குரோத்து. அதிகம் கடன் கொடுத்திருந்த மிஷலின் ரயர் கம்பனி அதைக் கையில் எடுத்தது. அந்திரே சித்ரோயன் வயிற்றுப் புற்றுநோயால் 1935 யூலை 3இல் இறந்தார். மிஷலின்காரர் கோளாறுகளைத் திருத்தி அதே காரைத் தொடர்ந்து செய்தார்கள். 1957 வரைக்கும் ஏறத்தாழ 7 இலட்சத்து 60 ஆயிரம் கார்கள்.

முதலில் செய்தவர், முதலில் காப்புரிமை எடுத்தவர், முதலில் பெருந்தொகையாக விற்றவர், முதலில் அதுக்காக எல்லாத்தையும் இழந்தவர்: நாலும் நாலு ஆட்கள். விளம்பரம் இதில் ஒருவரின் பெயரைத்தான் தூக்கிப் பிடிக்கும்.

இதெல்லாம் பரிஸ் கதை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனரின் முன்பக்கத்துக்குக் கீழே குனிந்து பாருங்கோ. இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற கம்பி தெரியும். முறுக்குக் கம்பிதான் அது. இப்ப வீதி முழுக்க நிற்கிற அல்ட்டோவும் வகன் ஆரும் முன் இழுவைதான். முன்சில்லுக்குப் பின்னால் மடிப்பு மடிப்பான கறுப்பு றப்பர் உறை ஒன்று இருக்கும். அதுக்குள் கிறீஸ் பூசி இருப்பதைக் கராஜ்காரர் 'சீவி ஜொயின்ட்' என்பார்கள். அது ஃபெனாயின் மூட்டும் இல்லை, சித்ரோயனின் மூட்டும் இல்லை. அமெரிக்காவில் அல்பிரட் ரெப்பா என்பவர் 1920களில் காப்புரிமை எடுத்த வகை. வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் அதுதான் போய்க்கொண்டிருக்கிறது. உறை கிழிந்த உடனேயே மாத்திப்போட்டால் செலவு குறைவு.