அடிபட்ட தொழிலாளியும் வக்கீல்மாரும்

சட்டப் புத்தகத்தில் ஒரு பரிகாரம் ஏறிய அன்றே அது ஏழையின் கைக்கு எட்டிவிடுகிறதென நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். வக்கீல்மார் அதனை எடுத்து வழக்காடத் துணியும்வரை அது ஏட்டுச் சுரைக்காயே.

இங்கிலாந்தில் பௌலர் என்னும் கசாப்புக் கடைக்காரரிடம் பிரீஸ்ட்லி என்றொரு வேலையாள் இருந்தான். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து அவன் தொடை ஒடிந்தது. ஜூரிகள் 100 பவுன் அளித்தனர்; 1837இல் நீதிபதிகளோ, வேலைக்கு வந்தவன் அதன் ஆபத்தையும் ஏற்றே வந்தான் என்று அதனைத் தள்ளினர். இதிலிருந்து, உடன் வேலை செய்வோன் பிழைக்கு எஜமான் பொறுப்பல்ல என்னும் கொடிய விதி வளர்ந்து, அந்நாட்டில் 1948 வரை நிலைத்தது. எஜமான் பிழையை நிரூபிக்காமலே நஷ்டஈடு பெறும் வழி அங்கு 1897இலும், இந்தியாவில் 1923இலும் சட்டமாயிற்று.

சிங்கப்பூரில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியமாக உடலுழைப்பாளருக்கே பயன்பட்டது. 2008இல் அது பெயர் மாறி, மேசை வேலைக்காரரையும் சேர்த்துக்கொண்டது. வீட்டு வேலைப் பெண்களை இன்னும் வெளியே நிறுத்தியிருப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

அடிபட்டவனுக்கு இரு வழிகள் உண்டு. மனிதவள அமைச்சின் மூலம் ஓராண்டுக்குள் கோரினால், பிழை யாருடையதாயினும் கணக்கிட்ட தொகை கிடைக்கும். நீதிமன்றம் சென்றால் வலிக்கும் வேதனைக்குங்கூடக் கேட்கலாம், மூன்றாண்டுத் தவணை, ஆனால் எஜமான் பிழையை மெய்ப்பிக்க வேண்டும். இரண்டிலும் பணம் பெற இயலாது. முந்தைய வழிக்கு வக்கீல் தேவையில்லை. பிந்தையதற்கோ, கையிற் காசில்லாதவனுக்காக எந்த வக்கீல் வருவார்?

நிலத்து விளைச்சலில் வாரம் பேசுவதுபோல் நஷ்டஈட்டில் பங்கு பேச வக்கீலுக்கு இங்கு உரிமையில்லை. 2013இல் அவ்வாறு பேசிய ஒருவரை மூன்று நீதிபதிகள் தொழிலினின்று சில காலம் நிறுத்திவைத்தனர். வியப்பு யாதெனில், வென்றாலன்றிக் கூலி கிடைக்காதென அறிந்தும் வறியவனுக்காக வாதாடுவது கௌரவமான செயலே என்று அதே தீர்ப்பில் உரைத்தனர். பங்கு கேளாதவரை கதவு திறந்தேயிருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு அன்னதானத்தை ஒரு தொண்டர் சங்கம் 2008இல் தொடங்கியது. வேலையிழந்து, கோரிக்கை முடியக் காத்திருக்கும் தமிழரும் வங்காளிகளும் அங்கு உண்கின்றனர். தம் வழக்கு எந்நிலையில் நிற்கிறதென்பதை அவர்கள் விசாரித்தறிவதும் அவ்விடத்தேதான்.

வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசும் உரிமை 2022இல் வந்தது. அது மத்தியஸ்தத் தீர்ப்புகளுக்கும் அனைத்துலக வர்த்தக நீதிமன்ற வழக்குகளுக்குமே உரியது. சாரத்திலிருந்து விழுந்தவன் வழக்குக்கு அன்று.