நத்தம் கணவாயில் சிக்கிய வெடிமருந்து வண்டி

நத்தம் சாலையில் பறக்கும் பாலம் வந்த பிறகு அந்த வழி நமக்கெல்லாம் சுருங்கிவிட்டது. தல்லாகுளத்தில் ஏறினால் 7.3 கிலோமீட்டர், ஒரு சிக்னல்கூட இல்லை, ஊமச்சிகுளம் பக்கம் இறங்கிவிடலாம். மாம்பழக் காலத்தில் காலையில் கிளம்பி நத்தம் போய், கூடை நிறையப் பழத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். 1755 மே மாதக் கடைசியில் அதே வழியில் ஒரு வண்டி சேற்றில் சிக்கியது. அதற்குப் பின்னால் வந்த வண்டிகளெல்லாம் நின்றுபோயின. அந்தப் பகல் முடிவதற்குள் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் மூட்டை முடிச்சுகள் பெரும்பாலும் கைமாறியிருந்தன.

போர் என்றால் பீரங்கி, வாள், கோட்டை என்றுதான் பள்ளியில் படித்தோம். பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்தது யார், குண்டும் மருந்தும் அரிசியும் எதில் ஏறி வந்தன என்று யாரும் கேட்டதில்லை. நம் சமவெளியில் நடந்த சண்டைகளில் பாதிக்கு விடை அதில்தான் இருக்கிறது. எதிரியின் மாட்டையும் வண்டியையும் பிடித்தவன் அடுத்த மாதமும் சண்டை போட்டான். மாட்டைப் பறிகொடுத்தவன் ஊர் திரும்பினான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை மோட்டாரில் பறந்ததாகத்தான் சினிமாவில் காட்டுவார்கள். உண்மையில் அந்தப் படையின் சாமான்களில் பெரும்பகுதி குதிரை வண்டிகளில்தான் போனது. 1941 இலையுதிர்காலத்தில் ரஷ்யச் சேற்றில் லாரிகள் புதைந்தபோது, அந்நாட்டு விவசாயிகளின் சின்னக் குதிரை வண்டிகளைப் பறித்துத்தான் அவர்கள் நகர்ந்தார்கள். 1942 ஜூனில் லிபியாவின் டோப்ரக் துறைமுகம் விழுந்தபோது ரோம்மலின் படை அள்ளிய பிரிட்டிஷ் லாரிகளும் பெட்ரோலும்தான் அதை எகிப்து எல்லைக்குள் கொண்டுபோயின. அதே ஆண்டு சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் துப்பாக்கிகளைத்தான் பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த நம் மதுரை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகளும் தோளில் சுமந்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நம் பக்கம் குதிரை ஏறிச் சண்டை போடத்தான் பயன்பட்டது. சுமைக்கு மாடுதான். பீரங்கிக்கு மாடு, வெடிமருந்து வண்டிக்கு மாடு, நெல்லுக்கும் உப்புக்கும் முதுகில் பொதி ஏற்றிய மாடு. லாரியைப் பிடித்தால் அதை ஓட்டத் தெரிய வேண்டும், அதற்கேற்ற எண்ணெய் வேண்டும், உதிரி பாகம் வேண்டும். மாட்டுவண்டிக்கு இவை எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நுகத்தடி, ஒரே மாதிரி கடையாணி, பெரும்பாலும் ஒரே மாதிரி மாடுகள். பூட்டாங்கயிற்றை அவிழ்த்து வேறு பக்கம் திருப்பிக் கட்டினால் போதும். மாட்டுக்கு நவாபும் தெரியாது, கம்பெனியும் தெரியாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஹைதர் அலி. திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயர் ஒரு பக்கமும், பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மறுபக்கமுமாக ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டிருந்த காலம். ஹைதர் அப்போது மைசூர்ப் படையில் ஒரு நாயக் மட்டுமே. 1754 ஆகஸ்ட் 17 அன்று மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் தஞ்சாவூரிலிருந்து பெரிய வண்டித் தொடருடன் திருச்சியை நெருங்கினார். முன்னால் பிரெஞ்சுக்காரருடன் பீரங்கிச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஹைதர் சுற்றி வந்து வண்டித் தொடரின் வால்பகுதியில் விழுந்தார். காவலுக்கு நின்றவர்களை ஒரு பிரிவு சண்டையில் இழுத்துப் பிடிக்க, மற்றவர்கள் வண்டிகளுக்குள் குதிரையை விட்டார்கள். 35 வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். சிலவற்றில் துப்பாக்கியும் மருந்தும், சிலவற்றில் ஆங்கில அதிகாரிகளின் துணிமணியும் சாமான்களும் இருந்தன. அன்றைய சண்டையில் வென்றது லாரன்ஸ்தான் என்று கம்பெனி எழுதிக்கொண்டது. 35 வண்டிச் சரக்கு ஹைதரிடம் இருந்தது.

இந்தப் பிடிப்புகளுக்கு ஹைதர் ஒரு முறையே வைத்திருந்தார். அவருடைய ஆட்கள் எதைப் பிடித்து வந்தாலும் பாதி பிடித்தவனுக்கு, பாதி ஹைதருக்கு. மாடு, குதிரை, தலைப்பாகை, காதுக்கடுக்கன் வரை ஒன்றும் தப்பாது. கணக்கெழுத காண்டே ராவ் என்றொரு கெட்டிக்காரர் இருந்தார். நம் அசோசியேஷன் பொருளாளரே பொறாமைப்படும் அளவுக்குக் கறாரான கணக்கு. அடுத்த ஆண்டே, 1755இல், மைசூர் அரசு ஹைதரைத் திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக அனுப்பியது. அங்கே பிரெஞ்சுக் கைவினைஞர்களின் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்தார். நாளைக்கு மைசூரையே ஆளப்போகிறவரின் பட்டறை மதுரைக்கு ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது.

இனி சேற்றில் சிக்கிய வண்டிக்கு வருகிறேன்.

1755 தொடக்கத்தில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்காக வரி வசூலிக்க, கர்னல் ஹெரான் என்பவர் தலைமையில் கம்பெனிப் படை ஒன்று திருச்சியிலிருந்து தெற்கே இறங்கியது. ஐரோப்பியர் 500 பேர், சிப்பாய்கள் 2,000 பேர், கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ் கான். சிப்பாய்களுக்குத் தலைவர் யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று சொல்லும் அதே யூசுப் கான். மதுரை சண்டையில்லாமல் கிடைத்தது. மதுரையைப் பிடித்து வைத்திருந்தவர் தப்பி ஓடிக் கோயில்குடிக் கோயிலில் புகுந்துகொண்டார். கோயில்குடி என்று எழுதிவைத்திருப்பது திருமோகூர்க் கோயிலைத்தான். ஒத்தக்கடை தாண்டி நாம் காளமேகப் பெருமாளைச் சேவிக்கப் போகிற அதே கோயில்.

கோட்டை போல மதில் இருந்தது. அதை உடைக்கத் தகுந்த பீரங்கி கைவசம் இல்லை. கதவருகே வைக்கோல் கட்டுகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். ஹெரானே பந்தத்தோடு போனார். அவரைப் பின்தொடர்ந்து இன்னொரு பந்தத்தோடு துணிந்து போனவர் யூசுப் கான் ஒருவர்தான். கதவு எரிந்தது. உள்ளே புகுந்தவர்கள் ஆட்களைக் கொன்றார்கள், கிடைத்ததை அள்ளினார்கள். அள்ளியவற்றில் சின்னச் சின்ன உலோகத் திருமேனிகளும் இருந்தன. அவை துணியில் சுற்றப்பட்டு மூட்டையோடு மூட்டையாகப் படையின் சாமான்களோடு சேர்ந்தன.

படை திருநெல்வேலிக்குப் போயிற்று. நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் கோட்டைக் கதவைத் திறக்கவில்லை. பெரிய பீரங்கியும் போதிய உணவும் இல்லாமல் ஹெரான் அங்கிருந்து திரும்ப வேண்டியதாயிற்று. இதற்குள் சென்னையிலிருந்து உடனே திரும்பி வரும்படி உத்தரவும் வந்துவிட்டது. மே மாதக் கடைசியில் மதுரையை விட்டு நத்தம் வழியாகத் திருச்சிக்குக் கிளம்பினார்கள்.

அன்றைய நத்தம் கணவாயை இன்றைய சாலையை வைத்து எடைபோடக் கூடாது. சுமார் 6 மைலுக்கு இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு ஒற்றைத் தடம். முன்படை கணவாய்க்குள் போய் ஒரு எதிரியைக்கூடக் காணாமல் அந்தப்பக்கம் வெளியேறியது. நடுவில் பீரங்கியும் வெடிமருந்து வண்டிகளும். கடைசியில் சாமான் வண்டிகள், பொதி மாடுகள், சுமைகூலிகள், கடைக்காரர்கள், காவலுக்குப் பின்படை. இந்த வரிசையில் ஒரு வெடிமருந்து வண்டி சேற்றுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மாடுகள் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. முன்னால் போனவர்கள் நிற்காமல் போய்விட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. படை இரண்டாக அறுந்தது.

வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அந்த நிலைமை புரியும். முன் வண்டி நின்றால் மலைத்தடத்தில் பின் வண்டியைத் திருப்ப முடியாது. மாடுகளை அவிழ்த்து, வண்டியைக் கையால் தூக்கித்தான் திருப்ப வேண்டும்.

காட்டுக்குள் காத்திருந்தவர்கள் கள்ளர் நாட்டு வீரர்கள். ஈட்டி, அம்பு, நாட்டுத் துப்பாக்கி, வாணம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. கம்பெனிச் சிப்பாய்கள் மரங்களைப் பார்த்துச் சுட்டார்கள். வந்தவர்களின் குறி சிப்பாய்கள் மீது இல்லை. அவர்கள் சாமான் வண்டிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். ‘சாமி, சாமி’ என்று கூவிக்கொண்டு வந்ததாக ராபர்ட் ஆர்ம் எழுதியிருக்கிறார். ஆர்ம் அப்போது சென்னைக் கவுன்சிலில் உறுப்பினர். கம்பெனிப் போர்களைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் முதல் பகுதி 1763இல் வெளிவந்தது. எதிர்த்தரப்பு எழுத்தாளரே அந்தக் கூவலின் பொருளையும் விளக்குகிறார்: கோயில்குடியில் எடுத்துப்போன தங்கள் தெய்வங்களைக் கேட்டு வந்தார்களாம். கேட்டதை எடுத்துக்கொண்டுதான் போனார்கள். மூட்டைகளைக் கிழித்துத் திருமேனிகளை மீட்டார்கள்.

கம்பெனி ஏடுகள் இந்த மக்களைத் திருடர் என்றே எழுதின. அன்றைக்குத் திருட்டுப் பொருள் யாருடைய வண்டியில் இருந்தது என்பதை வாசிக்கிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அதே சமயம், அந்தக் கணவாயில் வெட்டுப்பட்டவர்களில் பெரும்பாலோர் கோயிலைக் கொள்ளையடித்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமைகூலிகளும் படையோடு வந்த ஏழைச் சனங்களும்தான் ஈட்டிக்கு இரையானார்கள். மாடுகளும் குத்துப்பட்டுச் செத்தன. ஆர்ம் எழுதிய பக்கங்களில் வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. வண்டிக்காரர் ஒருவர் பெயர்கூட இல்லை. மாட்டையும் வண்டியையும் அவர்களாக மனமுவந்து படைக்கு விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஜோடி உழவு மாடு போனால் அந்த வீட்டில் அடுத்த ஆண்டு விதைப்பு இல்லை.

ஹெரான் சென்னைக்குப் போனதும் ராணுவ விசாரணை நடந்தது. வேலை போயிற்று.

யூசுப் கான் அந்தக் கணவாயை மறக்கவில்லை போலிருக்கிறது. 1757 கடைசியில் திண்டுக்கல்லிலிருந்து ஹைதர் இறங்கிச் சோழவந்தானைப் பிடித்து, மதுரைக் கோட்டைச் சுவர் வரை நாட்டைச் சூறையாடினார். யூசுப் கான் அவரை மடக்கி அடித்தது நத்தம் கணவாய் வாயிலில்தான். ஹைதர் திண்டுக்கல்லுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது யூசுப் கான் சும்மா வெளியே சுற்றிக்கொண்டே லாலிக்கு வரும் சரக்கை மறித்தார். லாலிக்கு ஏற்கெனவே மாட்டுப் பஞ்சம். 1758இல் கடலூர்ப் படையெடுப்பின்போது மாடு கிடைக்காமல், புதுச்சேரி மக்களைச் சாதி பாராமல் பிடித்துச் சுமை தூக்கவைத்து ஊரையே பகைத்துக்கொண்டவர் அவர். 1759 பிப்ரவரியில் முற்றுகையை விட்டுக் கிளம்பினார். இப்படி எதிரியின் சோற்று வழியை அடைக்கத் தெரிந்திருந்த யூசுப் கானையும் பின்னாளில் அதே வழியில்தான் மடக்கினார்கள். 1764இல் கம்பெனியும் நவாபும் மதுரையைச் சுற்றி வளைத்து வண்டி வரும் பாதைகளை எல்லாம் அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மனம் உடைந்து அவரைக் காட்டிக்கொடுத்தார்கள். அக்டோபர் 15 அன்று தூக்கு. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இருக்கிறது.

ஹைதர் கடைசிவரை மாட்டை நம்பினார். மைசூர் உடையார்கள் காலத்திலிருந்தே அரண்மனைக்கென்று ஒரு மாட்டு மந்தை உண்டு. ‘பெண்ணெ சாவடி’, அதாவது வெண்ணெய்ச் சாவடி என்று பெயர். ஹைதர் அதிலிருந்து பீரங்கி இழுக்கும் மாடுகளைப் பெருக்கினார். பின்னங்கால் நீண்டு, உடம்பு வற்றி, குதிரை மாதிரி நடக்கிற இனம். சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்த மாடுகள். தோற்ற சண்டைகளில்கூட ஆங்கிலேயர் கண்ணெதிரே பீரங்கிகளை இழுத்துக்கொண்டு தப்ப அவைதான் உதவின. திப்பு சுல்தான் அந்த மந்தைக்கு ‘அமிர்த மஹால்’ என்று பெயர் மாற்றினார். மறுபக்கம் கார்ன்வாலிஸ் 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய், மாடுகள் செத்து விழுந்ததால் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

எட்டு ஆண்டு கழித்து, 1799 மே 4 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. நகையும் பொன்னும் போன கதை எல்லோருக்கும் தெரியும். கம்பெனி கவனமாக எடுத்துக்கொண்ட இன்னொன்று அந்த மந்தை. திப்புவின் மாடுகள் கம்பெனிப் பீரங்கிகளில் பூட்டப்பட்டன. 1803இல் மராத்தியர் மீது போன ஆர்தர் வெல்லெஸ்லியின் படைக்கும் அவைதான் இழுத்தன. பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் தோற்கடித்த வெல்லிங்டன் பிரபு இவர்தான். பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. கர்நாடகத்தில் அஜ்ஜம்பூராப் பக்கம் போனால் அந்த இனத்தை இன்றும் பார்க்கலாம். அமிர்த மஹால் என்றுதான் சொல்கிறார்கள்.