மொஹல்லா கமிட்டி இயக்கம் (மும்பை)

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையை உலுக்கிய கலவரங்களுக்குப் பிறகு, இந்துக்களையும் முஸ்லிம்களையும் காவல்துறையினரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவைக்கத் தொடங்கப்பட்ட மக்கள் இயக்கம். மொஹல்லா என்பது நாம் பேட்டை என்று சொல்வது.

இதன் கதையைத் தாராவியிலிருந்து சொல்வது தமிழருக்குப் பொருந்தும். அங்குள்ள பெரிய மசூதி 1887ஆம் ஆண்டையது. பிள்ளையார் கோயில் 1913இல் எழுந்தது. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த சந்துகளில் ஒரே தமிழைப் பேசி வாழ்ந்தார்கள். 1966இல் சிவசேனை தோன்றியபோது ‘மதராசி’ என்ற பெயரில் தென்னிந்தியர் அனைவரும் குறிவைக்கப்பட்டனர். மாட்டுங்கா உடுப்பி ஓட்டல்காரருக்கும் தாராவித் தொழிலாளிக்கும் அன்று அச்சம் ஒன்றுதான். இருபத்தாறு ஆண்டுகள் கழித்துக் கோடு வேறு இடத்தில் கிழிக்கப்பட்டது. ஒரே மொழிக்காரர்கள் மதத்தால் இரண்டு பக்கமாக நின்றார்கள். தமிழர் வரலாற்றில் இது போதிய அளவு பேசப்படாத துயரம்.

பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 அன்றே தாராவியில் சைக்கிள் ஊர்வலம் நடந்ததையும், காலா கில்லாவில் ஆத்திரமூட்டும் பேச்சுகளுடன் அது முடிந்ததையும் கலவரங்களை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்துள்ளது. ஆணையத்தின் கணக்குப்படி மும்பையில் இறந்தவர்கள் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். காவல்துறையின் ஒருதலைப்போக்கையும் ஆணையம் ஒளிக்காமல் எழுதியது. சமரசப் பேச்சில் காவல்துறையும் ஒரு தரப்பாக உட்கார வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

முன்மாதிரி பிவண்டியில் இருந்தது. விசைத்தறிகள் நிறைந்த அந்த ஊர் 1970லும் 1984லும் கலவரத்தில் எரிந்தது. 1988இல் அங்கே துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, பேட்டைதோறும் இரு சமூகத்தாரையும் சேர்த்துக் குழுக்கள் அமைத்தார். தண்ணீர், சாக்கடை, வாடகைத் தகராறு என்று அன்றாடப் பிரச்சினைகளைக்கூட அங்கே பேசலாம். கான்ஸ்டபிளுக்கு மக்களின் பெயர் தெரிந்தது, மக்களுக்குக் கான்ஸ்டபிளைத் தெரிந்தது. 1992-93இல் மும்பை பற்றியெரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது.

அந்த அனுபவத்தை மும்பைக்குக் கொண்டுவந்தவர்கள் காவல் ஆணையர் சதீஷ் சாஹ்னி, முன்னாள் ஆணையர் ஜூலியோ ரிபெய்ரோ, 1984இல் சீக்கியப் பயணிகள் ரயிலில் தாக்கப்பட்டதை நேரில் கண்ட சமூகப் பணியாளர் சுஷோபா பர்வே ஆகியோர். காவல் நிலைய எல்லைகளே குழுக்களின் எல்லைகளாயின. கசப்பைக் கொட்டித் தீர்ப்பது முதல் வேலை. எதிரில் இருப்பவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது அதைவிடக் கடினமான வேலை. விநாயகர் ஊர்வலம் மசூதியைக் கடக்கும் நேரம், மேளம் எங்கே நிற்க வேண்டும், வதந்தி கிளம்பினால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பவையெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாயின. காவலர்களும் பேட்டை இளைஞர்களும் ஆடும் ‘அமைதிக்கான கிரிக்கெட்’ ஆண்டு நிகழ்வாயிற்று.

தாராவியில் இப்பணியின் முகங்கள் பாவு கோர்டேயும் வகார் கானும். சிறிய ஆயத்த ஆடைப் பட்டறை நடத்திய வகார் கான், இந்து, முஸ்லிம், சீக்கிய, கிறித்தவ உடைகள் அணிந்த குழந்தைகளை நிற்கவைத்து, ‘ஹம் சப் ஏக் ஹை’, அதாவது நாம் அனைவரும் ஒன்று, என்ற சுவரொட்டியை உருவாக்கினார். அது மும்பைக் காவல் நிலையங்களின் சுவர்களில் ஏறியது. இருவரின் நட்பையும் உழைப்பையும் அஞ்சலி மொண்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2003இல் ‘நாத்தா’ என்ற ஆவணப்படமாக எடுத்தார்கள். இதே கலவரத்தைத் தமிழர்கள் பெரும்பாலும் மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) வழியாகவே அறிவார்கள். அப்படத்தின் இறுதியில் கைகோக்கும் மனிதர்களோடு நின்றுவிடாமல் ‘நாத்தா’வையும் தேடிப் பார்க்க வேண்டும், கைகோத்த பிறகு செய்ய வேண்டிய நெடிய வேலை அதில்தான் இருக்கிறது.

2002 குஜராத் கலவரத்தின்போதும், 2006 ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் மும்பையில் பெருங்கலவரம் மூளவில்லை. முழுப் பெருமையையும் இயக்கத்துக்கே கொடுப்பது மிகை. அதன் பங்கை மறுப்பது அநீதி. குறைகளும் உண்டு. கலவரத்துக்குப் பின் முஸ்லிம் குடும்பங்கள் பல மும்ப்ரா போன்ற இடங்களுக்குப் பெயர்ந்து சென்றன; நகரம் மதவாரியாகப் பிரிந்துகொண்டே போனது. செம்பூரிலிருந்து பாலம் கடந்து வாஷிவரை அடுக்ககங்களில் குடியேறிய தமிழர்கள், சொசைட்டிக் கூட்டத்தில் வாகன நிறுத்தத்தைப் பேசும் அளவுக்கு, யாருக்கு வீடு வாடகைக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதைப் பேசுவதில்லை. இயக்கம் சென்றடைய வேண்டிய அடுத்த இடம் அந்தக் கூட்டங்களே.

பேச்சு நீதிக்கு மாற்றாகாது. ஆணையம் குறை கண்டவர்களில் மிகச் சிலரே தண்டனை பெற்றனர். காணாமற்போன 168 பேரில் 60 பேரின் குடும்பங்களுக்கு மட்டுமே இழப்பீடு சேர்ந்திருந்த நிலையில், எஞ்சிய 108 பேரின் வாரிசுகளைத் தேடிக் கண்டறிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4 அன்று மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவிட்டது. அப்போது கலவரம் நடந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.