செம்மணி மண்ணும் குருக்கள்மட மண்ணும்

கண்டி வீதியால் யாழ்ப்பாணத்துக்கு வருவோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தால் செம்மணி வெளியைக் காண்பர். மாரியில் நீர் தேங்கி நிற்கும், கோடையில் உப்புப் பூக்கும் தரை அது. நகரத்தின் நுழைவாயிலான இவ்விடத்தை நீதிமன்ற உத்தரவின் பேரில் இரண்டு தடவை தோண்டியிருக்கிறார்கள். முதற்றடவை 1999இல், இரண்டாவது தடவை 2025இல். இடைப்பட்ட இருபத்தாறு வருடங்களும் மௌனத்தின் வரலாறு எனலாம்.

1995இன் இறுதியில் யாழ். நகர் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அடுத்த வருடத்தில் மட்டும் குடாநாட்டில் ஏறத்தாழ 600 பேர் காணாமற் போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை கூறியது. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கூடத் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் பின்னர் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்டன. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. அப்போது அவர்களுள் ஒருவரான லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் மேலும் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூறினார். 1999இல் அவரையே அழைத்து வந்து இடங்களைக் காட்டச் செய்து தோண்டினார்கள். கிடைத்தவை 15 உடல்கள். அத்துடன் தோண்டுதல் நின்றது. அதே வருடம் துரையப்பா விளையாட்டரங்கைப் புனரமைக்கையிலும் மனித எலும்புகள் வெளிவந்தன.

பின்பு 2025 பெப்ரவரியில், அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை அமைக்கக் குழி வெட்டிய தொழிலாளர்களின் மண்வெட்டியில் எலும்புகள் தட்டுப்பட்டன. யாழ். நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் சட்ட வைத்திய அதிகாரியும் மே மாதத்தில் அகழ்வைத் தொடங்கினர். செப்டெம்பர் தொடக்கத்தில் இரண்டாம் கட்டம் முடிந்தபோது கணக்கு ஏறத்தாழ 240 என்புத் தொகுதிகள். அவற்றோடு ஒரு நீலநிறப் புத்தகப்பை, ஒரு பொம்மை, ஒரு பால்போத்தல். பையோடு கிடந்த எலும்புகள் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளையுடையவை என மதிப்பிடப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளோடு காலங்கழிக்கும் எவரும் இந்த வரியை வாசித்துவிட்டு அடுத்த வரிக்கு இலகுவில் போக முடியாது.

எலும்பு தானாகப் பேசுவதில்லை. இடுப்பெலும்பும் மண்டையோடும் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். பற்களும் எலும்பின் வளர்ச்சி முனைகளும் வயதைச் சொல்லும். எப்போது புதைக்கப்பட்டது என்பதை மண்படையும் கூடக் கிடக்கும் பொருளும் சொல்லும். பெயரைச் சொல்ல மரபணு வேண்டும். அதற்கு ஒப்பிட உறவினரின் இரத்தமோ உமிழ்நீரோ வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதை மன்னார் காட்டியது. 2018இல் அங்கு சதொச வளாகத்தில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடமொன்று ஆறு மாதிரிகளைப் பரிசோதித்து அவை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. காணாமற் போனோரின் குடும்பங்கள் அதனை ஏற்கவில்லை. ஆறு மாதிரிகளால் ஒரு புதைகுழியின் முழுக் கதையையும் முடித்துவிட முடியுமா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

உலகில் இவ்வேலையைப் பொறுமையோடு செய்த தேசங்கள் உண்டு. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவு நமது குடாநாட்டைப் போலவே சுண்ணக்கல் மிகுந்த நிலம். 1945இல் போருக்கு அஞ்சிய மக்கள் அதன் குகைகளுள் ஒளிந்தனர். அங்கேயே மடிந்தோர் பலர். எண்பது வருடங்கள் கடந்த பின்னரும் தொண்டர்கள் விளக்கோடு குகைகளுள் தவழ்ந்து எலும்புகளைத் தேடுகிறார்கள். அர்ஜென்டீனாவில் 1984இல் இளம் மானிடவியல் மாணவர்கள் தொடங்கிய குழு பின்னர் பல நாடுகளுக்கு இக்கலையைக் கற்பித்தது. நமக்கு மிக நெருங்கிய பாடம் சைப்பிரஸ். அங்கே கிரேக்கரும் துருக்கியரும் ஒருவரையொருவர் கொன்றவர்கள். காணாமற் போனோர் பட்டியலில் இரு தரப்பாருமாக 2,002 பெயர்கள். இரு சமூகத்து விஞ்ஞானிகளும் ஒரே குழியில் குனிந்து, ஒரே மேசையில் எலும்புகளை அடுக்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் குடும்பங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்கள் பிடித்து வைத்த முஸ்லிம் வணிகர்களுட் சிலர் திரும்பவேயில்லை. அதே வருடம் ஜூலையில், காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டு அங்கேயே புதைக்கப்பட்டனர். அவர்களுள் ஹஜ்ஜை முடித்து வந்தோரும் இருந்தனர். 2014இல் நீதிமன்றம் அனுமதித்தும் அந்த மண் தோண்டப்படாமலே போயிற்று. அப்படியிருக்கச் செம்மணிக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்பதே அக்கேள்வி.

பதில் நமது மார்க்கத்திலேயே இருக்கிறது. மையித்தின் எலும்புக்கும் உயிருள்ளவரின் எலும்புக்குரிய கண்ணியம் உண்டென்று கற்றவர்கள் நாம். காணாமற் போனவனை நமது ஃபிக்ஹு ‘மஃப்கூத்’ என்ற தனித் தலைப்பில் பேசுகிறது. அவன் மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது, அவன் சொத்தை எப்போது பங்கிடுவது என்று இமாம்கள் கருத்து வேறுபட்டு விவாதித்திருக்கிறார்கள். மாலிக்கி மத்ஹப் மனைவிக்கு நான்கு வருட அவகாசம் கூறுகிறது. உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தெரியாத நிலை, மரணத்திலும் வேறான ஒரு துன்பம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அத்துன்பம் கைதடித் தாய்க்கும் காத்தான்குடித் தாய்க்கும் ஒன்றே. அரசாங்கமும் 2016இல் இதனை ஏற்று, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற் போனமைக்கான சான்றிதழ் வழங்கச் சட்டம் செய்தது. ஆனால் சான்றிதழுக்கு ஜனாஸா தொழுகை நடத்த முடியாது.

ஆதலால் செம்மணிக்கு ஒரு நீதி, குருக்கள்மடத்துக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது. புதைத்தவன் சீருடை அணிந்தவனா, இயக்கத்தவனா என்பது விசாரணையின் முடிவில் வரவேண்டிய பதில். தோண்டுவதா விடுவதா என்பதற்கு அது அளவுகோலாகாது. செம்மணியில் தோண்டு என்று கேட்கும் தமிழ்ச் சகோதரர் குருக்கள்மடத்திலும் தோண்டு என்று கேட்க வேண்டும். குருக்கள்மடத்துக்காக அழும் நாமும் சித்துப்பாத்தி மயானத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு தரப்பு மற்றத் தரப்பின் குழியை மூடி வைக்கும்வரை, இரண்டு குழிகளையும் மூடி வைக்க விரும்புவோர்க்கே அது வசதி.

காலமும் அதிகமில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் படங்களோடு உட்கார்ந்த தாய்மாருட் பலர் மௌத்தாகிவிட்டார்கள். 1990இல் கணவனை இழந்த காத்தான்குடிப் பெண்களும் இன்று முதியவர்கள். எலும்பு மண்ணுள் இன்னும் நூறு வருடங்கள் கிடக்கும். அதற்குப் பெயர் சொல்லக்கூடிய இரத்தம் அவ்வளவு காலம் காத்திராது. உத்தரவு, நிதி, அகழ்வு என்று எல்லாம் இழுபட்டாலும், உயிரோடிருக்கும் உறவினர் ஒவ்வொருவரின் மரபணு மாதிரியையும் இன மத பேதமின்றி இப்போதே சேகரித்துப் பாதுகாக்கலாம். அதற்கு எந்தக் குழியையும் தோண்டத் தேவையில்லை.