கரியை எரிக்கப் பிறந்த கருவி: வினையூக்கிப் பிளப்புக் கலன்களின் வரலாறு

கச்சா எண்ணெயின் கனத்த பகுதியை வினையூக்கி கொண்டு பிளந்து பெட்ரோலாக்கும் தொழிலின் வரலாறு பெரும்பாலும் வினையூக்கியின் வரலாறாகவே எழுதப்படுகிறது: முதலில் அலுமினியம் குளோரைடு, பிறகு பதப்படுத்திய களிமண், அடுத்து செயற்கை சிலிக்கா–அலுமினா, 1960களில் ஜியோலைட். வேதியியலைப் பொறுத்தவரை வரிசை சரிதான். ஆனால் கலன்களும் குழாய்களும் ஏன் இன்றைய வடிவத்துக்கு வந்தன என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது. பிளப்பின்போது எண்ணெயில் ஏறத்தாழ 5 விழுக்காடு கரியாகி வினையூக்கியின் மேல் படிகிறது. சிறிது நேரத்திலேயே வினையூக்கி மந்தமாகிவிடுகிறது. அந்தக் கரியை எரித்தால்தான் அது மீளும். பிளப்பு வெப்பத்தை உண்ணும் வேலை. எரிப்பு வெப்பத்தைக் கக்கும் வேலை. எண்ணெய் ஆவியும் காற்றும் ஒன்று சேர்ந்தால் ஆபத்து. வினையூக்கியோ இரண்டையும் மாறி மாறிச் சந்தித்தாக வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்க எடுத்த முயற்சிகளே கருவியின் வடிவத்தை முடிவு செய்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1915இல் கல்ஃப் நிறுவனத்தின் மெக்காஃபி அலுமினியம் குளோரைடைக் கொண்டு எண்ணெயைப் பிளந்து காட்டினார். ஆனால் வினையூக்கி கசடோடு கலந்து வீணானது. மீட்க வழியில்லாததால் முறையும் நிலைக்கவில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜேன் ஊட்ரி இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். 1936இல் நியூ ஜெர்சியின் பால்ஸ்பரோவிலும், 1937இல் பென்சில்வேனியாவின் மார்க்கஸ் ஹூக்கிலும் இயங்கத் தொடங்கிய அவருடைய அலகுகளில் வினையூக்கி அசையாது. அதன் மேல் பாயும் வாயுதான் மாறும். ஒரு கலனில் ஏறத்தாழப் பத்து நிமிடம் எண்ணெய் ஆவி பாயும். பிறகு எஞ்சிய ஆவியை வெளியேற்றிக் காற்றை விட்டுக் கரியை எரிப்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்துக் கலன் பிளப்பை ஏற்றுக்கொள்ளும். கடிகாரக் கணக்கில் திறந்து மூடும் மோட்டார் வால்வுகள் இதை நடத்தின. பின்னாளைய ஊட்ரி அலகுகளில் வினையூக்கிப் படுகைக்குள் குழாய்கள் புதைத்து, உருகிய உப்பை ஓடவிட்டு எரிப்பின் சூட்டை வாங்கினார்கள். மார்க்கஸ் ஹூக்கில் எரிபுகையையே டர்பைனில் செலுத்தி, எரிப்புக்கான காற்றை அழுத்தும் கம்பிரசரை ஓட்டினார்கள். எரிவாயு டர்பைனின் தொடக்கக்காலத் தொழிற்பயன்களில் இதுவும் ஒன்று. செலவும் சாமர்த்தியமும் எங்கே போயின என்று பாருங்கள்: வால்வு, உப்பு, டர்பைன் மூன்றும் கரியை எரிக்க வந்தவை.

ஊட்ரியின் முறையை மற்றவர்கள் கைவிட்டதற்குக் காரணம் கரி இல்லை, உரிமத் தொகைதான் என்று ஒருவர் மறுக்கலாம். நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் அத்தொகையைக் கண்டு பின்வாங்கியதும், 1938இல் பிற நிறுவனங்களோடு கூட்டாய்வில் இறங்கியதும் உண்மை. ஆனால் ஊட்ரியின் பங்காளியாகவே இருந்த சொக்கோனி-வேக்குவம் நிறுவனமும் நிலைப்படுகையை விட்டு நகர்ந்ததே! அது கொண்டுவந்த தெர்மோஃபார் முறையில் மணிமணியான வினையூக்கி ஈர்ப்பினால் கீழே இறங்கும். வாளித்தொடர் அதை மீண்டும் மேலே ஏற்றும். அந்த முறையின் சூளை முதலில் மசகெண்ணெய் வடிகட்டும் களிமண்ணைச் சுட்டு மீட்பதற்காக உருவானது. அதாவது எரிக்கும் கலன் முன்பே இருந்தது, பிளக்கும் கலன் அதோடு வந்து சேர்ந்தது.

ஸ்டாண்டர்ட் ஆயில் பிடித்த வழி பொடி. மாவு போன்ற பொடியை ஆவியோடு கலந்து ஓடவிடுவது எளிது. அழுத்தம் குறைந்த கலனிலிருந்து கூடிய கலனுக்குக் கொண்டு போவதுதான் கடினம். திருகு பம்புகளை முயன்றார்கள். பொடி அவற்றைத் தேய்த்துத் தின்றது. எம்.ஐ.டி.யின் லூயிஸ், கில்லிலண்ட் இருவரும் மெதுவான வாயு ஓட்டத்திலேயே பொடியை அடர்த்தியாகக் கொதிக்கவைக்கலாம் என்று காட்டினார்கள். காற்றூட்டிய பொடி நீரைப் போல நடந்துகொள்ளும்: குழாயில் அதை உயரமாக நிரப்பினால் அடியில் அழுத்தம் கூடும். அந்த இறங்குகுழாயே பம்பின் வேலையைச் செய்துவிட்டது. கீழே ஒரு நழுவு வால்வு போதும். கேம்பல், மார்ட்டின், மர்ஃப்ரீ, டைசன் நால்வர் பெயரில் காப்புரிமை பதிவாயிற்று. 1942 மே 25 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜில் நாளொன்றுக்கு 13,000 பேரல் கொள்ளளவுள்ள முதல் அலகு ஓடத் தொடங்கியது. ஜெர்மனியில் விங்க்லர் 1920களிலேயே நிலக்கரிப் பொடியை இப்படிப் பாய்மமாக்கவில்லையா என்று கேட்கலாம். பாய்மமாக்கினார்தான். ஆனால் அவருடைய பொடி ஒரே கலனில் கொதித்தது. இரு கலன்களுக்கிடையே சுற்றிவரும் தேவை அவருக்கு எழவில்லை. பேட்டன் ரூஜின் முதல் அலகில் பொடி முழுவதும் ஆவியோடு மேலே பறந்து, ஆவியிலிருந்து பொடியைப் பிரிக்கும் சைக்ளோன்களைத் திணறடித்தது. அடுத்த மாதிரியில் அடர்ந்த படுகையின் அடியிலிருந்தே அதை இறக்கிக்கொண்டார்கள். சுற்றிவரும் பொடி எரிப்பின் சூட்டைச் சுமந்துகொண்டு வந்து பிளப்புக்குக் கொடுத்தது. உருகிய உப்புக்கு வேலை போயிற்று.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஜியோலைட்டிலிருந்து வருகிறது. 1960களின் தொடக்கத்தில் மொபில் நிறுவனத்தின் பிளாங்க், ரொசின்ஸ்கி இருவரும் கொண்டுவந்த வினையூக்கியின் வேகத்துக்கு முன்னால் பழைய பெரும்படுகை மிகையாகிவிட்டது. சில நொடிகளில் பிளப்பு முடிந்துவிடுவதால் ரைசர் என்ற நெடுங்குழாயே வினைகலனாயிற்று. இங்கே வினையூக்கிதான் கருவியை மாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் ரைசர் புதிய உறுப்பன்று. பொடியை மேலேற்றிய குழாய்தான் பதவி உயர்வு பெற்றது. மேலும் பழைய வினையூக்கி தன் மேல் எஞ்சிய சிறிது கரியைப் பொறுத்துக்கொண்டது, ஜியோலைட் பொறுப்பதில்லை. அதனால் கரியை எரிக்கும் மீட்புக் கலனில் இன்னும் முழுமையாக எரிக்க நேர்ந்தது, வெப்பநிலை 700 டிகிரி செல்சியஸை எட்டியது, உலோகமும் சைக்ளோன்களும் அதற்கேற்ப மாறின.

கனத்த கசடெண்ணெயைப் பிளக்கத் தொடங்கியபோது கரி இன்னும் கூடியது. பிளப்புக்குத் தேவையானதைவிட அதிகச் சூடு திரண்டது. 1961இல் டெக்சஸின் போர்கரில் ஃபிலிப்ஸ் நிறுவனம் நிறுவிய அலகில் மீட்புக் கலனுக்குள்ளேயே குழாய்ச்சுருள்கள் வைத்து நீராவி எடுத்தார்கள். ஊட்ரியின் படுகைக் குழாய்கள் கால் நூற்றாண்டுக்குள் திரும்பி வந்திருந்தன, உப்புக்குப் பதில் தண்ணீரோடு.