வேலன் முதல் போமோ வரை



பில்லி, சூனியம், ஏவல், செய்வினை என்றதும் பலருக்கு அச்சமும் சிலருக்கு நகைப்பும் தோன்றும். எனக்குத் தோன்றியது ஆவல். செந்தூலில் வளர்ந்தவனுக்கு இந்தப் பேச்சு புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வேரூன்றிய இரயில்வே பட்டறையை நம்பிக் குடியேறிய தமிழர்கள், முருகனோடும் மாரியம்மனோடும் முனியாண்டியையும் உடன் அழைத்து வந்தனர். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் என் பாட்டி வேப்பிலையையும் எலுமிச்சம்பழத்தையும் தேடுவார். அதற்கும் அடங்காவிட்டால் கம்பத்துப் போமோவிடம் நடப்பார். "அவங்க மந்திரம் நமக்குப் பலிக்கும், நம்ம மந்திரம் அவங்களுக்குப் பலிக்கும்" என்பது அவருடைய சித்தாந்தம். மலாய் அண்டை வீட்டாரும் அவ்வாறே எண்ணித் தமிழ்ப் பூசாரியைத் தேடி வருவதைக் கண்டிருக்கிறேன்.

ஆசிரியப் பணிக்கு வந்தபின் இதனைச் சொற்களின் வழியே தேடத் தொடங்கினேன். சிலாங்கூர் நிருவாகப் பணியில் இருந்த வால்டர் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் 1900இல் 'மலாய் மேஜிக்' என்னும் பெருநூலை வெளியிட்டார். நெல் அறுக்க, மீன் பிடிக்க, யானையை விரட்ட, காதலியை வசப்படுத்த என அவர் திரட்டிய மந்திரங்களைப் படித்தபோது எனக்கு வியப்பே மிஞ்சியது. பல மந்திரங்கள் 'ஹோங்' என்று தொடங்குகின்றன. அது நம் 'ஓம்' என்பது அறிஞர் கருத்து. இடையில் 'பத்தாரா குரு' வருகிறார், அவர் சிவபெருமானே. முடிவில் இஸ்லாமியக் கலிமா வருகிறது. மந்தெரா, பூஜா, சக்தி, குரு ஆகிய சொற்கள் மலாய்மொழியில் இன்றும் வாழ்கின்றன. வின்ஸ்டெட் 1925இல் இதே கலப்பினை ஆராய்ந்து தனிநூல் எழுதினார். பாட்டியின் சித்தாந்தம் அவ்வளவு பிழையானதன்று போலும்!

இனி, நம் இலக்கியத்திற்கு வருவோம். சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. மகள் உடல் மெலிகிறாள். காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு இட்டுக் குறிபார்த்து, "இது முருகன் செயல்" என்கிறான். களம் அமைத்து ஆடுகிறான். ஆட்டுக்குட்டியைப் பலி கொடுக்கிறான். இந்நிகழ்ச்சியைப் பாடியே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர்பெற்ற புலவரும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு நோய் ஏதுமில்லை, காதல்தான். அதை அவளால் வாய்திறந்து சொல்ல இயலவில்லை. தோழிக்கு உண்மை தெரியும். அவள் வேலனைக் கண்டு எள்ளி நகையாடுகிறாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் இதைப் பார்த்துச் சிரித்திருக்கின்றனர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனால், சிரித்துவிட்டு நகர முடியவில்லை. மானிடவியலாளர் ஐவா ஓங் எழுதிய ஒரு கட்டுரை என்னைத் தடுத்து நிறுத்தியது. செந்தூலிலிருந்து சிறிது தொலைவிலுள்ள சுங்கைவேயில், அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில், 1975இல் 40 மலாய்ப் பெண்கள் பேய் பிடித்தாற்போல் அலறினர். 1978இல் ஏறத்தாழ 120 பேர். அவர்கள் நுண்ணோக்கியில் கண்பதித்து வேலை செய்யும் பிரிவினர். தொழிற்சாலை மூன்று நாள் மூடப்பட்டது. போமோ வந்தார், வளாகத்திலேயே ஆடு அறுக்கப்பட்டது. அதே ஆடு! கம்பத்திலிருந்து வந்து மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் மணிக்கணக்காக உழைத்த அந்தப் பெண்கள், சொல்ல முடியாத எதிர்ப்பைப் பேயின் வாயால் சொன்னார்கள் என்பது ஓங்கின் விளக்கம். வெறியாட்டுக் களத்துத் தலைவியை அறிந்த தமிழ் ஆசிரியனுக்கு இதை ஏற்பதில் தடையேதுமில்லை.

வாயற்றவர் மட்டுமே மந்திரவாதியை நாடுவர் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1993இல் பகாங் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ், அரசியல் ஏற்றம் வேண்டி மோனா ஃபெண்டி என்னும் முன்னாள் பாடகியிடம் சென்று கொலையுண்டார். மோனாவும் கணவரும் உதவியாளரும் 2001 நவம்பர் 2ஆம் நாள் காஜாங் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். நாளேடுகள் அதைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டன. நான் நீட்ட விரும்பவில்லை.

என் மனத்தை உறுத்துவது சிறிய நிகழ்ச்சிதான். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்திக்கு அடிக்கடி வலிப்பு வந்தது. பெற்றோர் அவளை ஒரு மந்திரவாதியிடம் அழைத்துச் சென்றனர். அவர் பணம் வாங்கியதைக்கூடப் பொறுக்கலாம். "நெருங்கிய உறவில் ஒரு பெண் வைத்த செய்வினை" என்று சொல்லிவிட்டார். அன்றுமுதல் அத்தை வீட்டோடு பேச்சு இல்லை. சங்ககால வேலன் பழியை முருகன்மேல் போட்டான். முருகனுக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. இவரோ பழியை ஒரு மனிதப் பிறவியின்மேல் போட்டார். பல ஊர்களில் பெண்கள் சூனியக்காரி என்று அடித்துக் கொல்லப்பட்டதும் இப்படியொரு சொல்லிலிருந்துதான்.

நானும் தலைமையாசிரியரும் அவள் வீட்டிற்கு மும்முறை சென்றோம். மூன்றாம் முறைதான் தந்தையார் மருத்துவமனைக்கு இசைந்தார். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். கையிலிருந்த மந்திரித்த கயிற்றைக் கண்டும் அவிழ்க்கச் சொல்லவில்லை. "கயிறு இருக்கட்டும், மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடாதே" என்றார். வலிப்பு அடங்கிவிட்டது. அத்தை வீட்டோடு மட்டும் அவர்கள் இன்னும் பேசுவதில்லை.