மகாத்மா

இந்தச் சொல்லைக் கேட்டதும் காந்தி நினைவுக்கு வருவார். ஆனால் 1880களில் சென்னை அடையாற்றில் அதற்கு வேறு பொருள் இருந்தது.

மகத், ஆத்மன் என்ற இரு வடசொற்கள் சேர்ந்தது மகாத்மா. பெரிய ஆன்மா உடையவர். கீதையிலேயே வரும் பழைய சொல். நம் ‘மகான்’ பிறந்ததும் அதே மகத்திலிருந்துதான்.

1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882இல் அடையாற்றில் தலைமையிடம் அமைத்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், இமயத்துக்கு அப்பால் ஆதி ஞானத்தை மறைவாகக் காத்துவருபவர்களை மகாத்மாக்கள் என்றார். மோரியா, கூத் ஹூமி என்று அவர்களுக்குப் பெயரும் உண்டு. மறைந்திருப்பவர்கள் கடிதம் எழுதுவதில் மட்டும் சுணங்கவில்லை. அம்மையாரின் படுக்கையறையை ஒட்டிய அறையில் ஒரு மர அலமாரி. கேள்வியை எழுதி உள்ளே வைத்தால் பதில் வந்துவிடும் என்றார்கள்.

1884இல் அங்கு வேலை பார்த்த எம்மா கூலோம், எல்லாம் சூழ்ச்சி என்று போட்டுடைத்தார். விசாரிக்க வந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் 1885 அறிக்கையில் மோசடி என்றே முடிவு சொன்னார். அந்த அறிக்கையும் ஒருதலைப்பட்சமானது என்று 1986இல் ஆய்வாளர் வெர்னான் ஹாரிசன் எழுதினார். எனக்கென்னவோ, அலமாரியை நம்புவதைவிட ஹாட்ஜ்சனை நம்புவது எளிது.

அலமாரிக்கு வெளியேயும் இந்தச் சொல் வழங்கியது: 1888இல் சமூக சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேவுக்கு மும்பையில் மக்கள் ‘மகாத்மா’ என்ற பட்டத்தைச் சூட்டினார்கள். பிளாவட்ஸ்கியின் மகாத்மாக்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.